பழைய ரிப்போர்ட்

பிப்ரவரி 3
அண்ணன் வீடு

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

சளி விட்டதா? போன வாரம் மூக்கால் பேசினீர்கள். மருந்து குடித்தீர்களா என்று கேட்கப் போய்த்தான் அன்றைக்குச் சண்டை ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். போனில் நமக்கு இரண்டு நிமிடம்தான் ஒத்துப்போகிறது. மூன்றாவது நிமிடம் யாராவது ஒருத்தர் “சரி, வைக்கிறேன்” என்கிறோம். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. உங்களுக்குக் கோபம் வந்தாலும் நான் முடிக்கும் வரை நீங்கள் படித்துத்தான் ஆக வேண்டும்.

பயப்படாமல் படியுங்கள். வலது பாதத்தில் ஓர் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். விழவில்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், விழவே இல்லை. தையல் பயிற்சிக் கூடத்திலிருந்து வரும்போது நடைபாதையை விட்டுச் சாலையில் ஓர் அடி இறங்கினேன், அவ்வளவுதான். சுரீர் என்றது. சுளுக்காக இருக்கும் என்று நான்கு நாள் அதோடேயே வேலைக்குப் போனேன். அண்ணி பார்த்துவிட்டு, “ஏன் நொண்டறே?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல அண்ணி, என் சோம்பேறித்தனம்தான்” என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன். அண்ணி சிரிக்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டார்.

எலும்பு டாக்டர் ஒரு பெண். என்னைவிட நான்கைந்து வயது சின்னவராக இருப்பார். படத்தைப் பார்த்துவிட்டு, “இந்த வயசுல சும்மா இறங்கினதுக்கெல்லாம் உடையக் கூடாதே” என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். வைட்டமின் டி பார்த்தார்கள். முப்பதாவது இருக்க வேண்டுமாம். எனக்கு ஆறு.

அதன் பிறகு ஒரு கேள்வித்தாளே வந்தது. “படி ஏறினா தொடை கனக்குமா? தரையில உட்கார்ந்தா கை ஊனாம எழுந்திருக்க முடியுமா? காலையில எழுந்ததும் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குமா? இடுப்பெலும்பை அமுக்கினா வலிக்குமா?” எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படி ஒரு பரீட்சை எழுதியதில்லை.

“எத்தனை நாளா?” என்றார்.

“நாலு வருஷம் இருக்கும் டாக்டர்.”

“அப்பவே டெஸ்ட் எடுக்கலையா?”

“எடுத்தோமே. மூணு வருஷம் முன்னாடி. எல்லாம் நார்மல்.”

“வைட்டமின் டியுமா? எவ்வளவு இருந்துது?”

“நம்பர் தெரியாது. வீட்டுக்காரர்தான் போய் வாங்கினார்.”

அந்த ரிப்போர்ட்டை அவர் பார்க்க வேண்டுமாம். உங்களுக்கு நினைவிருக்கும், மற்றதெல்லாம் அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டு, இது ஒன்றுக்கு மட்டும் ஐந்து நாள் கழித்து வரச் சொன்னார்களே, அந்தத் தாள். பீரோவில் என் சர்டிபிகேட் பைக்குள் பாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் வேலைப் பையின் பக்கவாட்டில் பாருங்கள். அதில் நீங்கள் வைக்காத குப்பை எது?

இன்னொன்று. பயிற்சிக் கூடத்துக்கு ஏப்ரல் கடைசியில் விடுமுறை விடுகிறார்கள். அப்போது வந்துவிடலாம் என்றிருக்கிறேன். பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு இல்லை. கோபம் எல்லாம் எட்டு மாதத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. நீங்கள் வைத்த பெயர் மட்டும் என்னோடு இங்கேயும் வந்துவிட்டது. கட்டிங் சொல்லிக்கொடுக்கும்போது வாய்தவறி ஒரு நாள் சொல்லிவிட்டேன், இப்போது பெண்கள் எல்லோரும் “கத்திரி டீச்சர்” என்கிறார்கள்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
கத்திரி


பிப்ரவரி 9

அன்புள்ள கத்திரிக்கு,

உன் கடிதத்தை வேலைக்குப் போகும் வழியில் பிரித்துப் படித்தேன். அன்று முழுக்க ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடினேன். நான்கு நாள் அந்தக் காலோடு நடந்தாயா? ஒரு போன் போட்டிருக்கலாமே. சண்டை போட்டாலும் பரவாயில்லை, சொல்லியிருக்கலாம்.

நான் கிளம்பி வரட்டுமா? வந்தால் அண்ணனுக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று யோசிக்கிறேன். நீ சொன்னால் வருகிறேன். கட்டை நனைக்காதே. மாத்திரை கொடுத்திருப்பார்களே, ஒன்றுகூட விடாதே.

இங்கே சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. சந்தைக்குப் பக்கத்துப் பதினோரு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு தடவை நின்றுவிட்டது. இரண்டாவது தடவை உள்ளே மாட்டியது ஒரு புருஷன் பெண்டாட்டி, எழுபது வயது இருக்கும். கதவைத் திறந்தபோது அந்த அம்மா, “இன்னும் பத்து நிமிஷம் கழிச்சு வந்திருக்கலாம்ப்பா, இப்பத்தான் இவர் வாயைத் திறந்து பேச ஆரம்பிச்சார்” என்றார். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மூன்று மாடி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் என்னைக் குறை சொல்லி முடித்துவிட்டாள். “லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் லிஃப்ட் இல்லாத வீட்டுல இருக்கான்” என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஜோக் கிடையாது.

ரிப்போர்ட்டைத் தேடுகிறேன். மூன்று வருடத்துத் தாள், எங்கே இருக்கிறதோ. அதை வைத்து இப்போது என்ன செய்யப் போகிறார்கள்? இன்றைக்கு எவ்வளவு என்பதுதானே முக்கியம்? டாக்டரிடம் அப்படிச் சொல்லிப் பார்.

ஏப்ரல் என்று எழுதியிருந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

உன்,
லிஃப்ட்காரன்


பிப்ரவரி 16

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

பத்து நிமிட அம்மாவை இங்கே எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. அண்ணன் மட்டும் சிரிக்காமல் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கொஞ்சம் உறைத்திருக்கும்.

நீங்கள் சொன்னதை டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் நிதானமாக விளக்கினார். எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். ஆரம்பத்திலிருந்தே குறைவாக இருந்திருந்தால் விஷயம் எளிது. ஆறு வருடம் சட்டைக் கம்பெனியில், தரைக்குக் கீழே, குழல்விளக்கில் துணி வெட்டியவளுக்கு வெயில் படவில்லை, அதனால் குறைந்தது; மருந்து கொடுத்தால் ஏறும். ஆனால் மூன்று வருடம் முன்பு நன்றாக இருந்து, அதற்குப் பிறகு, அதுவும் நான் வேலையை விட்டு வீட்டில் இருந்த காலத்தில், இந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது என்றால் அது வேறு. குடல் சத்தை உறிஞ்சவில்லையோ, சிறுநீரகத்தில் ஏதாவதோ என்று பார்க்க வேண்டுமாம். “நார்மலா இருந்தது இப்படி விழுந்துடுச்சுன்னா நான் அதைச் சும்மா விட முடியாதும்மா” என்றார்.

அதனால் இருபத்தாறாம் தேதி வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள். குடலிலிருந்து ஒரு துணுக்கு எடுப்பார்களாம். வலிக்காது என்கிறார்கள். வலியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அதில் எனக்கு நல்ல பழக்கம். என்னவாக இருக்குமோ என்பதுதான். அடுத்த தெருவில் ஒருவருக்கு இப்படித்தான் எடை குறைகிறது என்று பார்க்கப் போய் வேறு என்னவோ சொன்னார்கள். நான் இதையெல்லாம் அண்ணியிடம் கேட்டிருக்கக் கூடாது.

அந்தத் தாள் கிடைத்தால், எண்ணைப் பார்த்து இவர் மனம் மாறினாலும் மாறலாம். இருபத்தொன்றோ இருபத்திரண்டோ இருந்து அதையே அவர்கள் நார்மல் என்று சொல்லியிருக்கலாம், சின்ன லேப்தானே என்கிறார். கிடைக்காவிட்டால் விடுங்கள், உங்களுக்கு எண் நினைவிருக்கிறதா? ஒற்றை இலக்கமா, இரட்டை இலக்கமா என்றாவது? நீங்கள்தானே கையில் வாங்கிப் பார்த்தீர்கள்.

நீங்கள் வர வேண்டாம். வந்தால் நான் அழுதுவிடுவேன், நீங்கள் டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விடுவீர்கள். நமக்குத் தெரியாததா?

கொஞ்சம் பயத்துடனும் நிறைய அன்புடனும்,
கத்திரி


பிப்ரவரி 23

கத்திரி,

உன் கடிதம் இருபதாம் தேதி வந்தது. மூன்று நாளாக இதை எழுதுகிறேன். நேற்று எழுத முடியாமல் போனை எடுத்தேன். அண்ணன்தான் பேசினார். நீ தூங்குகிறாய், எழுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று, கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். எழுப்பச் சொல்லியிருக்க வேண்டும். நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்பதற்கு இதுவே போதும், இருந்தாலும் முழுவதையும் எழுதுகிறேன்.

அந்த ரிப்போர்ட்டை நான் வாங்கவே இல்லை.

ஐந்தாம் நாள் என்னை வாங்கி வரச் சொன்னாய். அன்று ஓர் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நான்கு பேர், அதில் ஒரு பெண்ணுக்கு மூச்சுத் திணறல். அவர்களை இறக்கி முடித்து நான் லேப்புக்கு வந்தபோது ஷட்டரை இறக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தேன். நான் ஷூவைக்கூடக் கழற்றவில்லை, நீ கதவைப் பிடித்துக்கொண்டு “என்ன வந்துது?” என்று கேட்டாய். போகவில்லை என்று சொன்னால் உன் முகம் வாடும். அந்த அலுப்பில் அதை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது. மற்றதெல்லாம் நார்மல் என்று வந்திருந்ததால் இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். “அதுவும் நார்மல்தான்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். நாளைக்கு வாங்கிவிடலாம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

நாளைக்குள் நீ அக்காவிடம் சொல்லிவிட்டாய். உன் சூப்பர்வைசரிடமும் சொல்லிவிட்டாய். அதன் பிறகு எனக்கு அங்கே போகப் பயம். போய் வேறு மாதிரி வந்திருந்தால்? லேப்பிலிருந்து ஒரு தடவை போன் வந்தது. “மேடத்தோட ரிப்போர்ட்டை வாங்கிக்கலையே சார்” என்றாள் ஒரு பெண். நான் லிஃப்ட் குழிக்குள் நின்றிருந்தேன். “வரேம்மா” என்று கட் பண்ணினேன். போகவில்லை.

இதுவரை எழுதியது நான் சொன்ன பொய்யைப் பற்றி. இனி எழுதப்போவது அதைவிட மோசம். அந்தப் பொய்யை நான் பயன்படுத்தினேன். நீ படியில் நடுவில் உட்கார்ந்தபோது, துணி துவைக்காமல் கிடந்தபோது, “ரிப்போர்ட்லயே ஒண்ணும் இல்லையே” என்று எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே கணக்கு இல்லை. சொல்லிச் சொல்லி, அதை நான் பார்த்த மாதிரியே ஆகிவிட்டது. கடைசியாக நீ கிளம்பிய அன்று காலையில், “ரத்தத்துல இல்லாத வியாதி உன் மனசுலதான் இருக்கு” என்று சொன்னேனே, அப்போதும் நான் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்திருக்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. உறைத்தும் சும்மா நின்றேன்.

டாக்டரிடம் இதைச் சொல்லிவிடு. பழைய ரிசல்ட் என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லிவிடு. குழாய் விட வேண்டாம். இது இருபத்தாறுக்குள் உன் கையில் கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. கேட்பதற்கும் ஒரு தகுதி வேண்டும்.


பிப்ரவரி 28

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

முடிந்துவிட்டது! முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றது. குடலில் ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்தவரை சுத்தம், எடுத்த துணுக்கின் ரிசல்ட் அடுத்த வாரம் வரும், ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

தொண்டையில் கசப்பாக ஒரு மருந்து அடித்தார்கள். நாக்கு என்னுடையது இல்லை என்ற மாதிரி ஆகிவிட்டது. இடது பக்கமாகப் படுக்க வைத்துப் பல்லுக்கு நடுவில் ஒரு வளையத்தை வைத்தார்கள். குழாய் இறங்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் தானாகக் கொட்டியது. பக்கத்தில் நின்ற நர்ஸ், “மூக்கால மூச்சு விடுங்கக்கா, மூக்கால, மூக்கால” என்று சொல்லிக்கொண்டே என் தோளைப் பிடித்திருந்தாள். முன்பின் தெரியாத பெண். அவள் கையை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்தேன் என்றால், வெளியே வந்ததும் அவள் கையில் என் நகம் பதிந்திருந்தது. “பரவாயில்லக்கா, வழக்கமா இதைவிட மோசமா பிடிப்பாங்க” என்றாள்.

முந்தின நாள் பயத்தில் ஒரு காரியம் செய்தேன். ஏதாவது ஆகிவிட்டால் உங்களுக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவைத்தேன். கேஸ் புத்தகம் எங்கே, மழைக்காலத்தில் எந்த ஜன்னலுக்கு அட்டை வைக்க வேண்டும், உங்கள் நீலச் சட்டைக்குப் பொத்தான் எந்த டப்பாவில். பாதி எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனிதர் இதையெல்லாம் எங்கே தேடிக் கண்டுபிடிக்கப் போகிறார், ஒரு ரிப்போர்ட்டையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று.

அதனால் மனத்தில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். தாள் தொலைந்தால் தொலையட்டும். டாக்டர் இன்னும் குழம்பிப்போய்த்தான் இருக்கிறார். சிறுநீரகத்தையும் ஒரு தடவை பார்க்கலாம் என்கிறார், பார்க்கட்டும். வாராந்திர மாத்திரையில் மூன்று முடிந்தது, இன்னும் ஐந்து. ஏப்ரலுக்குள்

நேற்றுப் பாதியில் விட்டிருந்தேன். இப்போது காலை. உங்கள் விரைவுத் தபால் வந்தது.

சிறுநீரகப் பரிசோதனை தேவையில்லை என்று டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன்.

மேலே எழுதியதைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. நேற்று வரை நான் எப்படி இருந்தேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.


மார்ச் 15

அன்புள்ள கத்திரிக்கு,

பதில் எழுது என்று கேட்க இதை எழுதவில்லை. உன்னிடம் சேர வேண்டிய ஒன்று இருக்கிறது, அதை அனுப்புகிறேன்.

லேப்புக்குப் போனேன். இடத்தை மாற்றியிருந்தார்கள். பழைய இடத்தில் இப்போது கண்ணாடிக் கடை. விசாரித்து, நான்கு தெரு தள்ளி இருப்பதைக் கண்டுபிடித்தேன். கவுன்டரில் ஒரு பெண் இருந்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட் என்றதும், “இத்தனை நாள் என்ன சார் பண்ணீங்க?” என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். கம்ப்யூட்டரில் தேடினாள், இல்லை. உள்ளே போய்ப் பெட்டிகளை இறக்கிப் பார்த்தாள். வாங்காத ரிப்போர்ட்டை எல்லாம் ஒரு கட்டாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பேர் வாங்காமல் விட்டிருக்கிறார்கள். கவரில் உன் பெயரும் என் போன் நம்பரும் இருந்தன. “மூணு தடவை கூப்பிட்டிருக்கோம் சார், பாருங்க, குறிச்சிருக்கு” என்றாள். எனக்கு ஒரு தடவைதான் நினைவிருந்தது.

அங்கேயே நின்று பிரித்தேன். ஒன்பது. பக்கத்தில் தடித்த எழுத்தில் மிகக் குறைவு என்றும், உடனே டாக்டரைப் பார்க்கவும் என்றும் போட்டிருந்தது. எட்டு வாரம் மாத்திரை, கத்திரி. ஒரு டப்பா மாத்திரை.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தப் பெண் வந்து, “சார், யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?” என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வழக்கம்போல் உன்னைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள்.

“அக்கா, அவ சோம்பேறி இல்ல. நான் பொய் சொன்னேன்.”

“என்னடா பொய்?”

சொன்னேன். “நான் அவளை என்னென்ன பேசினேன் தெரியுமாடா? எல்லாம் உன் பேச்சை நம்பித்தானே பேசினேன்” என்றாள். கொண்டுவந்த சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். படியில் அவள் மெதுவாக இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நீ வந்தால் கீழ் வீடாகப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். வெயில் வரும் வீடாக. இரண்டு பார்த்தும் வைத்திருக்கிறேன். இதை எழுதும் உரிமை எனக்கு இல்லைதான். எழுதிவிட்டேன்.

ரிப்போர்ட்டின் அசலை நான் வைத்துக்கொண்டு நகலை அனுப்புகிறேன்.

உன்,
லிஃப்ட்காரன்

அசலை அனுப்பாமல் நகலை அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். தப்பு. அது உன்னுடையது. அசலையே இதோடு வைக்கிறேன்.


ஏப்ரல் 19

அன்புள்ள உங்களுக்கு,

ரிப்போர்ட் கிடைத்தது. ஒரு மாதமாக எழுத உட்கார்ந்து எழுந்துபோனேன். கோபத்தில் எழுதிவிடக் கூடாது என்று காத்திருந்தேன். கோபம் போய்விட்டது. அது இருந்திருந்தால் இந்தக் கடிதம் எழுத இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

கட்டைப் பிரித்துவிட்டார்கள். எட்டு மாத்திரையும் முடிந்து திரும்ப ரத்தம் எடுத்தார்கள். முப்பத்தொன்று. டாக்டர் மூன்று தாளையும் மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்பது, ஆறு, முப்பத்தொன்று. ஒன்பதைத் தொட்டு, “இதோடயா மூணு வருஷம் வீட்டு வேலை பார்த்தீங்க? மூணு மாடி ஏறி இறங்கினீங்க?” என்றார். ஆமாம் என்றேன். “பெரிய ஆள்தான் நீங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அந்த அறையில் உட்கார்ந்து அழுத அழுகையில் அடுத்த நோயாளியை உள்ளே விட முடியவில்லை. நாலு வருடத்தில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

நீங்கள் எல்லாவற்றையும் எழுதிவிட்டதாக நினைக்கிறீர்கள். உங்கள் பக்கத்தை எழுதினீர்கள். என் பக்கம் உங்களுக்குத் தெரியாது.

நார்மல் என்று நீங்கள் சொன்ன மறுநாள் சூப்பர்வைசரிடம் போய், “ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு சார்” என்று நானே சிரித்துக்கொண்டு சொன்னேன். “அப்போ உட்காரக் கொடுத்த ஸ்டூலை எடுத்துடலாமா?” என்றார். எடுத்துவிட்டார்கள். நாற்பது அடுக்குத் துணியை நின்றுகொண்டே வெட்டினேன். ஐந்து மாதம். ஒரு நாள் கை நடுங்கிக் கோடு தப்பியது. நாற்பது சட்டைக்கும் கழுத்து வீண். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எட்டு பேர் இருந்த இடத்தில் ஒரே பெண் கட்டிங் மாஸ்டர் நான்.

அதற்கப்புறம் தினமும் காலையில் படுக்கையில் கிடந்து என்னை நானே திட்டுவேன். எழுந்திரு சோம்பேறி, உனக்கு ஒன்றும் இல்லை, ரத்தமே சொல்லிவிட்டது என்று. நீங்களும் உங்கள் அக்காவும் சொன்னது கொஞ்சம்தான். நான் எனக்குச் சொன்னதை நீங்கள் கேட்டிருந்தால் தாங்கியிருக்க மாட்டீர்கள்.

குழந்தையைப் பற்றி நீங்கள் கேட்டபோதெல்லாம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். எனக்கு ஆசை இல்லை என்று நினைத்தீர்கள். ஒரு குடம் தண்ணீரைத் தூக்க முடியாத சோம்பேறி, ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி எப்படி ஏறுவாள் என்று பயந்தேன். அந்தப் பிள்ளைக்கும் இப்படி ஓர் அம்மா வேண்டாம் என்று நினைத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எனக்கு முப்பத்தொன்பது.

நீங்கள் லேப்புக்குப் போகாததை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். களைத்து வந்த மனிதர், ஷட்டர் மூடியிருந்தது. யாருக்கும் நடக்கும். வாசலில் சொன்ன பொய்யைக்கூட மன்னித்துவிட்டேன். என் முகம் வாடக் கூடாது என்றுதானே சொன்னீர்கள். அதற்குப் பிறகு ஆயிரம் காலைப்பொழுது விடிந்தது. நான் கையை ஊன்றி எழுந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே ஷூ மாட்டினீர்கள். அதில் ஒரு நாள் சொல்லியிருக்கலாம். அங்கேதான் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறேன்.

நான் வரவில்லை. இந்த ஏப்ரலில் மட்டும் இல்லை.

யோசித்துப் பார்த்தேன். வந்தால் நீங்கள் என்னைத் தாங்குவீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் எனக்குத் தலைவலி என்றால் நீங்கள் ஓடிவந்து “படுத்துக்கோ” என்பீர்கள். அது அன்பா, செய்ததற்குப் பரிகாரமா என்று நான் உங்கள் முகத்தைப் பார்ப்பேன். நான் பார்ப்பதை நீங்கள் பார்ப்பீர்கள். இரண்டு பேரும் அப்படி ஒருவர் முகத்தை ஒருவர் படித்துக்கொண்டு எத்தனை வருடம் இருப்பது? கீழ் வீடாக இருந்தாலும், வெயில் வந்தாலும், அது மாறாது. பார்த்து வைத்த வீடுகளை விட்டுவிடுங்கள்.

பயிற்சிக் கூடத்தில் என்னை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். இப்போது இரண்டு மணி நேரம் தொடர்ந்து நிற்க முடிகிறது. முந்தாநாள் மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன். ஏறி முடித்த பிறகுதான், நடுவில் எங்கும் நிற்கவில்லை என்பது உறைத்தது. கைப்பிடியையும் தொடவில்லை. வாளியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். இதை உடனே சொல்ல வேண்டும் என்று முதலில் நினைவுக்கு வந்தது நீங்கள்தான். பதினொரு வருடப் பழக்கம். அது போகக் கொஞ்ச நாள் ஆகும்.

உங்கள் அக்காவிடம், அவர் பேசியது எதுவும் என் மனத்தில் இல்லை என்று சொல்லுங்கள். அவருக்குத் தெரியாது, அவர் என்ன செய்வார்?

கடைசியாக ஒன்று. நீங்களும் பகல் முழுக்க லிஃப்ட் குழிக்குள் நிற்கிற ஆள். வெயில் உங்கள் மேல் பட்டு எத்தனை வருடம் ஆகிறது? போன வருடத்திலிருந்தே முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறீர்கள். நான் பார்த்திருக்கிறேன், சொன்னால் சண்டை வரும் என்று சொல்லவில்லை. அது என் தப்பு. ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடுங்கள். குறைவாக இருந்தால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். ரிசல்ட்டை உங்கள் அக்காவிடம் காட்டுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.